வலி மாத்திரை ரத்தத்தை என்ன செய்கிறது?

1940களின் பிற்பகுதி. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் க்ளென்டேல் என்ற ஊர். அங்கே டாக்டர் லாரன்ஸ் கிரேவன், டான்சில் அறுவை செய்துகொண்டவர்களுக்கு வலி தெரியாமலிருக்க ஆஸ்பிரின் கலந்த சூயிங்கம் கொடுத்து வந்தார். வலி குறைந்தது. ஆனால் சிலருக்கு அறுத்த இடத்தில் ரத்தம் நிற்கவே இல்லை. விசாரித்துப் பார்த்தால், அதிகம் ரத்தம் போனவர்கள் எல்லோரும் அவர் கொடுத்தது போதாமல் கடையிலும் வாங்கி மென்றவர்கள்.

கிரேவன் தானே ஒரு நாளைக்கு 12 ஆஸ்பிரின் வீதம் விழுங்கிப் பார்த்தார். மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. வேறொரு மருத்துவராக இருந்திருந்தால், இனி ஆஸ்பிரின் வேண்டாம் என்று முடிவு செய்து விலகியிருப்பார். கிரேவனுக்கு வேறு யோசனை ஓடியது. ரத்தம் உறைவதை இந்த மருந்து தடுக்குமானால், இதயக் குழாயில் ரத்தம் உறைந்து வரும் மாரடைப்பையும் இது தடுக்க வேண்டுமல்லவா? நடுத்தர வயது ஆண்கள் சுமார் 400 பேருக்கு தினமும் ஆஸ்பிரின் கொடுத்தார். அவர்களில் ஒருவருக்கும் மாரடைப்பு வரவில்லை என்று 1950இல் எழுதினார். 1956க்குள் எண்ணிக்கை 8,000 வரை போனது. ஆஸ்பிரின் சாப்பிடாத ஒரு கூட்டத்தோடு அவர் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. சிறிய மருத்துவ இதழ்களில்தான் எழுதினார். மருத்துவ உலகம் கண்டுகொள்ளவில்லை. 1957இல் அவரே மாரடைப்பில் இறந்துபோனார்.

மாரடைப்பில் ஆஸ்பிரின் உயிர் காக்கும் என்று ஐயமற நிரூபணமானது 1988இல். மாரடைப்போடு மருத்துவமனைக்கு வந்த 17,187 பேரிடம் நடத்திய ஐசிஸ்-2 ஆய்வில், ஒரு மாதம் தினமும் பாதி ஆஸ்பிரின் கொடுத்ததே மரணங்களை 23 சதவிகிதம் குறைத்தது. இன்று தமிழக அரசின் 'இதயம் காப்போம்' திட்டத்தில், நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவருக்கு உடனே தரப்படும் 14 மாத்திரைகளில் இரண்டு ஆஸ்பிரின்தான்.

தொண்டையில் ரத்தத்தை நிற்கவிடாமல் செய்த அதே வேலைதான் இதயத்தில் உயிரைக் காக்கிறது. வலி மாத்திரைகளைப் பற்றிப் பேசும்போது இதை நாம் மறந்துவிடுகிறோம். ஐபுப்ரோஃபென், டைக்ளோபீனாக், அசிக்ளோபீனாக், நாப்ராக்சென், மெஃபனமிக் அமிலம், கீட்டோரோலாக், பைராக்ஸிகாம் எல்லாம் ஆஸ்பிரினின் உறவுக்காரர்கள். வலியையும் வீக்கத்தையும் குறைப்பவை என்றுதான் நமக்குத் தெரியும். இவை ஒவ்வொன்றும் ரத்தத்தின் மேலும் வேலை செய்யும் மருந்து. அந்த வேலை மருந்துக்கு மருந்து மாறும், ஆளுக்கு ஆள் மாறும்.

உடைப்பை அடைப்பது யார்?

ரத்தக் குழாயில் சிறு கிழிசல் விழுந்தால் என்ன நடக்கும் என்பதைக் காவிரிப் படுகைக்காரர்களுக்கு எளிதாகச் சொல்லிவிடலாம். ஆற்றங்கரையில் உடைப்பெடுத்தால் முதலில் மணல் மூட்டைகளை அடுக்குவார்கள். பிறகு சவுக்குக் கழிகளை அடித்து, மூட்டைகள் நகராதபடி கட்டிப் பிணைப்பார்கள். ரத்தத்தில் மூட்டைகளாக வந்து விழுபவை தட்டணுக்கள், அதாவது டெங்கு காலத்தில் எல்லோர் வாயிலும் அடிபடும் பிளேட்லெட்டுகள். அவற்றைக் கட்டிப் பிணைப்பவை ஃபைப்ரின் என்ற புரத இழைகள். வலி மாத்திரைகள் கைவைப்பது மூட்டையில். வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற மருந்துகள் கைவைப்பது கட்டில். இரண்டும் ஒரே உடலில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைப் பிறகு பார்ப்போம்.

கிழிசலில் ஒட்டிக்கொள்ளும் முதல் தட்டணு, திராம்பாக்ஸேன் என்ற வேதிப்பொருளை வெளிவிடும். சுற்றியுள்ள தட்டணுக்களை அது அழைக்கும், ரத்தக் குழாயையும் சுருக்கும். அழைப்புக்கு ஓர் எல்லை வேண்டும். இல்லையென்றால் குழாய் முழுவதும் அடைத்துவிடும். அதனால் குழாயின் உட்சுவர் புராஸ்டாசைக்ளின் என்ற எதிர்ப்பொருளைச் சுரக்கிறது. அது தட்டணுக்களை விலக்கும், குழாயை விரிக்கும். இந்த இரண்டின் இழுபறியில்தான் நம் ரத்தம் ஓடும் இடத்தில் ஓடி, நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறது.

இரண்டுமே பிறப்பது காக்ஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரே நொதிக் குடும்பத்திலிருந்து. மூட்டில் வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கும் புராஸ்டாகிளாண்டின்களும் அதே குடும்பம் தருபவைதாம். இரைப்பையின் உட்சுவரை அமிலத்திலிருந்து காக்கும் புராஸ்டாகிளாண்டின்களும் அங்கிருந்தே வருகின்றன. ஆஸ்பிரினும் அதன் உறவுகளும் இந்த நொதியைத்தான் அடைக்கின்றன என்று 1971இல் லண்டனில் ஜான் வேன் காட்டினார். 1975இல் ஸ்வீடனில் பெங்ட் சாமுவேல்சனின் குழு திராம்பாக்ஸேனைக் கண்டுபிடித்தது. அடுத்த ஆண்டு வேனின் குழு புராஸ்டாசைக்ளினைக் கண்டுபிடித்தது. 1982இல் வேன், சாமுவேல்சன், சூனே பெர்க்ஸ்ட்ரோம் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. வலிக்காக விழுங்கும் மாத்திரை ஏன் ரத்தம், இரைப்பை, சிறுநீரகம் என எல்லா இடத்திலும் கைவைக்கிறது என்ற கேள்விக்கு அந்தப் பரிசுக்குரிய ஆராய்ச்சியே பதில்.

20 நிமிட மருந்து, பத்து நாள் வேலை

ஆஸ்பிரின் ரத்தத்தில் தங்கும் நேரம் மிகக் குறைவு. சுமார் 20 நிமிடத்தில் பாதி சிதைந்துவிடும். ஆனால் அதற்குள் அது தட்டணுவின் காக்ஸ் நொதியில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் நிரந்தரமாக ஒட்டிவிடுகிறது. மற்ற செல்களாக இருந்தால் புதிதாக நொதி தயாரித்துக்கொள்ளும். தட்டணுவுக்கு உட்கருவே கிடையாது. புதிய நொதியை அதனால் தயாரிக்க முடியாது. அதன் ஆயுள் எட்டு முதல் பத்து நாள். அந்த ஆயுள் முழுக்க அது திராம்பாக்ஸேன் சுரக்காமலே சுற்றி வரும். நிறுத்திய பிறகு நாளுக்குப் பத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில் புதிய தட்டணுக்கள் வந்து சேர்ந்தால்தான் பழைய நிலை திரும்பும்.

இதய நோயாளிக்கு 75 மில்லிகிராம் போன்ற சின்ன அளவே போதுமானதாக இருப்பதற்கும் இதுவே காரணம். குடலில் உறிஞ்சப்பட்ட ஆஸ்பிரின் கல்லீரலுக்குப் போகும் வழியிலேயே அங்கு ஓடும் தட்டணுக்களை முடக்கிவிடுகிறது. உடலின் மற்ற ரத்தக் குழாய்ச் சுவர்களுக்குப் போய்ச் சேரும் மருந்து குறைவு. அங்கே புராஸ்டாசைக்ளின் சுரப்பு பெரும்பாலும் தப்பிக்கிறது. அளவைக் கூட்டினால் பலன் கூடும் என்று நினைப்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். தலைவலிக்குப் போடும் முழு மாத்திரை இதயத்துக்குக் கூடுதல் காப்பு ஆகாது. கூடுவது ரத்தக்கசிவு மட்டும்தான்.

மற்ற வலி மாத்திரைகளின் பிடி தற்காலிகமானது. மருந்து ரத்தத்தில் இருக்கும்வரை நொதி அடைபட்டிருக்கும். மருந்து விலகினால் நொதி மீளும். டைக்ளோபீனாக்கும் ஐபுப்ரோஃபெனும் ஓரிரு மணி நேரத்தில் பாதியாகக் குறைபவை. ஐபுப்ரோஃபெனை நிறுத்திய ஒரு நாளில் தட்டணுக்கள் பெரும்பாலும் இயல்புக்கு வந்துவிடும். நாப்ராக்சென் பாதியாக 12 முதல் 17 மணி நேரம் பிடிக்கும். பைராக்ஸிகாமுக்கு ஏறத்தாழ 50 மணி நேரம். அறுவை சிகிச்சைக்கு முன் "என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்று மருத்துவர் கேட்கும்போது சர்க்கரை மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் சொல்லிவிட்டு, முட்டிவலிக்குப் போடும் மாத்திரையைச் சொல்லாமல் விடுவது நம் வழக்கம். அது மாத்திரைக் கணக்கிலேயே வராது என்ற எண்ணம். அதையும் சொல்லுங்கள். எந்த மாத்திரை, எத்தனை நாள் முன்பு என்பதை வைத்தே கத்தி வைக்கும் நாள் முடிவாகும்.

வயிற்றைக் காக்க வந்து இதயத்தில் கைவைத்த மருந்து

1990களின் தொடக்கத்தில் காக்ஸ் நொதியில் இரண்டு வகை உண்டு என்று தெரியவந்தது. காக்ஸ்-1 இரைப்பையிலும் தட்டணுவிலும் எப்போதும் வேலை செய்வது. காக்ஸ்-2 அழற்சி வந்த இடத்தில் பெருகுவது. அப்படியானால் இரண்டாவதை மட்டும் அடைத்தால் வலியும் குறையும், வயிறும் புண்ணாகாது என்று மருந்து நிறுவனங்கள் கணக்குப் போட்டன. 1998இன் இறுதியில் செலிகாக்ஸிபுக்கும், 1999 மே மாதம் மெர்க் நிறுவனத்தின் ரோஃபிகாக்ஸிபுக்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ரோஃபிகாக்ஸிபின் விற்பனைப் பெயர் வயாக்ஸ். 80க்கும் மேற்பட்ட நாடுகளில் அது விற்பனைக்குப் போனது.

கணக்கில் ஒரு பிழை இருந்தது. தட்டணுவில் இருப்பது காக்ஸ்-1 மட்டும். ஆகவே இந்தப் புது மருந்து திராம்பாக்ஸேனைத் தொடவே தொடாது. ஆனால் ரத்தக் குழாய்ச் சுவரில் புராஸ்டாசைக்ளின் சுரப்பதில் காக்ஸ்-2வுக்குப் பெரிய பங்கு உண்டு. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் காரெட் ஃபிட்ஸ்ஜெரால்டு குழு 1999இலேயே, இந்த வகை மருந்து சாப்பிட்டவர்களின் உடலில் புராஸ்டாசைக்ளின் குறைவதைக் கண்டறிந்து எழுதியது. உறையவைக்கும் பக்கம் அப்படியே இருக்க, உறையாமல் காக்கும் பக்கம் மட்டும் பலவீனமாகிறது என்றால், அது எங்கே போய் முடியும் என்று யோசிக்கப் பெரிய அறிவு தேவையில்லை.

2000 நவம்பரில் விகோர் ஆய்வு வெளியானது. முடக்குவாதம் உள்ள 8,076 பேரில் ஒரு பாதிக்கு ரோஃபிகாக்ஸிப், மறுபாதிக்கு நாப்ராக்சென். வயிற்றுப் பிரச்சினைகள் புது மருந்தில் பாதியாகக் குறைந்திருந்தன. நிறுவனம் அதைக் கொண்டாடியது. அதே கட்டுரையில் மாரடைப்பு விகிதம் நாப்ராக்சென் தரப்பில் 0.1 சதவிகிதம், ரோஃபிகாக்ஸிப் தரப்பில் 0.4 சதவிகிதம் என்று இருந்தது. நான்கு மடங்கு. நாப்ராக்சென் இதயத்தைக் காப்பதால் வந்த வித்தியாசம் இது என்று விளக்கம் சொன்னார்கள். இன்னும் மூன்று மாரடைப்புகள் அந்தக் கட்டுரையில் சேர்க்கப்படாமல் விடுபட்டிருந்தன என்று, அதை வெளியிட்ட இதழே 2005 டிசம்பரில் கவலை தெரிவித்து எழுத நேர்ந்தது.

முடிவு வேறொரு ஆய்விலிருந்து வந்தது. பெருங்குடல் கட்டிகள் திரும்ப வராமல் தடுக்குமா என்று பார்ப்பதற்காக 2,586 பேரிடம் நடந்த ஆய்வு அது. இந்த முறை எதிர்த்தரப்பில் நாப்ராக்சென் இல்லை; வெறும் மாவு மாத்திரை. பழைய விளக்கம் சொல்ல வழியில்லாமல் போனது. மாரடைப்பும் பக்கவாதமும் ரோஃபிகாக்ஸிப் தரப்பில் இரண்டு மடங்காக இருந்தன. 2004 செப்டம்பர் 30ஆம் தேதி மெர்க் அந்த மருந்தை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது. அந்த டிசம்பரிலேயே இந்தியாவும் தடை விதித்தது. அமெரிக்காவில் மட்டும் இந்த மருந்தால் கூடுதலாக 88,000 முதல் 1,40,000 பேர் வரை கடுமையான இதய நோய்க்கு ஆளாகியிருக்கலாம் என்று அந்நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பில் பணிபுரிந்த டேவிட் கிரஹாம் கணக்கிட்டார். 2007இல் வழக்குகளைத் தீர்க்க நிறுவனம் 485 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது.

வேதியியல் முன்பே எச்சரித்திருந்தது. எண்களும் 2000ஆம் ஆண்டிலேயே அச்சில் இருந்தன. இடைப்பட்ட நான்கு ஆண்டுகள் விற்பனைக்குப் போயின. இதை நினைக்கும்போது இன்றைக்கும் கோபம் வருகிறது.

நம் ஊர் டைக்ளோபீனாக்

வயாக்ஸ் போய்விட்டது, கதை முடிந்துவிடவில்லை. காக்ஸ்-2வை அதிகம் அடைக்கும் தன்மை பழைய மருந்துகளிலும் உண்டு. அதில் முன்னால் நிற்பது, நம் ஊரில் இடுப்புவலி, கழுத்துவலி, மூட்டுவலி என எதற்கும் எழுதப்படும், ஊசியாகவும் போடப்படும் டைக்ளோபீனாக். காக்ஸ்-2வின் மேல் அது காட்டும் சாய்வு ஏறத்தாழ செலிகாக்ஸிபின் அளவுக்கு இருக்கிறது. 2013இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் நூற்றுக்கணக்கான ஆய்வுகளை ஒன்றுசேர்த்து லான்செட் இதழில் வெளியிட்ட முடிவு இது: தினம் 150 மில்லிகிராம் போன்ற உயர் அளவில் டைக்ளோபீனாக் சாப்பிட்டால் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய ரத்தக்குழாய்ப் பிரச்சினைகள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுகின்றன. ஆயிரம் பேர் ஓராண்டு சாப்பிட்டால் கூடுதலாக மூன்று பேருக்கு. அதில் ஒருவருக்கு அது மரணமாக முடியும். ஐபுப்ரோஃபெனும் உயர் அளவில் இதயத்துக்கு ஆபத்தைக் கூட்டியது. நாப்ராக்சென் கூட்டவில்லை. அதன் பிடி நாள் முழுக்க நீடித்து தட்டணுக்களையும் சேர்த்து அடக்குவது இதற்குக் காரணமாகலாம்.

அதே ஆண்டு ஐரோப்பிய மருந்து முகமை, இதய நோயோ பக்கவாதமோ வந்தவர்களுக்கு டைக்ளோபீனாக் கொடுக்கக் கூடாது என்றது. 2015இல் பிரிட்டன், மருந்துச் சீட்டு இல்லாமல் டைக்ளோபீனாக் மாத்திரை விற்பதை நிறுத்தியது.

இருபத்தைந்து வயதுக்காரர் கால் சுளுக்குக்காக இரண்டு நாள் போட்டுக்கொண்டால் பயந்து நடுங்க வேண்டியதில்லை. கவலை வேறிடத்தில். அறுபது வயது, சர்க்கரை, பிரஷர், ஏற்கெனவே ஒரு முறை நெஞ்சுவலி, அதோடு முட்டித் தேய்மானம். இவை எல்லாம் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பது நம் வீடுகளில் சாதாரணம். அவருக்குத்தான் மாதக்கணக்கில் டைக்ளோபீனாக் போகிறது. இதய நோயாளிக்கு முதல் கையாக இந்த மருந்தை எழுதுவதை மருத்துவர்கள் கைவிட வேண்டும் என்பதே என் கருத்து. வேறு வழிகள் இருக்கின்றன: வலியுள்ள மூட்டின் மேல் தடவும் ஜெல், பாராசிட்டமால், தசைப் பயிற்சி. மாத்திரைதான் வேண்டும் என்றால் மிகக் குறைந்த அளவில், மிகக் குறைந்த நாட்களுக்கு.

வழியில் உட்கார்ந்துகொள்ளும் ஐபுப்ரோஃபென்

இது அதிகம் பேசப்படாத விஷயம். அதனாலேயே விரிவாகச் சொல்ல வேண்டும். தட்டணுவின் நொதிக்குள் ஒரு குறுகலான பாதை இருக்கிறது. ஆஸ்பிரின் அதற்குள் நுழைந்துதான் தன் நிரந்தர வேலையை முடிக்கிறது. ஆஸ்பிரினுக்கு முன்பே ஒருவர் ஐபுப்ரோஃபென் போட்டிருந்தால், அது அந்தப் பாதையில் உட்கார்ந்துகொள்கிறது. ஆஸ்பிரின் நுழைய முடியாமல் வெளியே நின்று, 20 நிமிடத்தில் பாதி சிதைந்துவிடுகிறது. சில மணி நேரம் கழித்து ஐபுப்ரோஃபெனும் எழுந்து போய்விடுகிறது. தட்டணு இப்போது முழுச் சுதந்திரத்தோடு சுற்றுகிறது. தட்டணுக்களின் திராம்பாக்ஸேன் சுரப்பை 95 சதவிகிதத்துக்கு மேல் அடக்கினால்தான் இதயத்துக்குப் பலன். ஐபுப்ரோஃபெனின் அரைகுறைப் பிடி அதற்குப் போதாது. காலையில் ஆஸ்பிரின் சாப்பிட்டோம் என்று நோயாளி நம்பிக்கொண்டிருப்பார். அவர் ரத்தத்துக்கு அந்தச் செய்தியே போய்ச் சேர்ந்திருக்காது.

2001இல் இது ஆய்வில் நிரூபணமானது. 2006இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒரு நேரக் கணக்கைச் சொன்னது: சாதாரண ஆஸ்பிரின் சாப்பிட்டு அரை மணி நேரமாவது கழித்து ஐபுப்ரோஃபென் போடலாம், அல்லது ஆஸ்பிரினுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் முன்பாகப் போடலாம். இந்தக் கணக்கு நம் ஊரில் பலருக்குப் பொருந்தாது. இங்கே இதய நோயாளிகள் அதிகம் சாப்பிடும் எக்கோஸ்ப்ரின், குடலில் போய்க் கரையும் பூச்சு கொண்டது. அது எப்போது ரத்தத்தில் கலக்கும் என்று சொல்ல முடியாது; அந்த வகைக்கு எந்த நேரக் கணக்கும் தர இயலாது என்று அந்த அமைப்பே சொல்லிவிட்டது. இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவருக்குப் பல்வலி வந்தால், தலைவலி வந்தால், முதல் தேர்வு பாராசிட்டமால்தான்.

பல் பிடுங்குவதற்காக ஸ்டென்ட் நோயாளிகள் தாங்களாகவே ஆஸ்பிரினை நிறுத்திவிடுவதும் நடக்கிறது. பல் பிடுங்கிய இடத்தில் வரும் ரத்தத்தைப் பஞ்சை அழுத்தியோ, தையல் போட்டோ நிறுத்திவிடலாம். ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்தால் நிறுத்தப் பஞ்சு கிடையாது. இதய மருத்துவர் சொல்லாமல் அந்த மாத்திரையில் கைவைக்கக் கூடாது.

மூட்டையும் போய், கட்டும் போய்

இந்த மாத்திரைகளால் அதிகம் ரத்தம் கசியும் இடம் இரைப்பை. காப்புப் புராஸ்டாகிளாண்டின் குறைவதால் புண் விழுகிறது. தட்டணுக்கள் முடங்குவதால் புண்ணிலிருந்து வரும் ரத்தம் நிற்பதில்லை. இரண்டு அடி ஒரே நேரத்தில். மேலே சொன்ன லான்செட் ஆய்வில், இந்த வகை மாத்திரைகள் எல்லாமே இரைப்பை, முன்சிறுகுடல் பாதிப்பை இரண்டு முதல் நான்கு மடங்கு கூட்டின. "ஊசியாப் போட்டுக்கிட்டா வயிறு கெடாது" என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. அது தவறு. மருந்து ரத்தம் வழியாகப் போய்த்தான் இரைப்பையைக் கெடுக்கிறது. எந்த வழியில் உள்ளே போனாலும் அது ரத்தத்தில்தான் சேரும். பேன்டபிரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரை இரைப்பைப் புண்ணைக் குறைக்கும். குடலின் கீழ்ப்பகுதியில் வரும் கசிவை அது தடுக்காது. மலம் தார் நிறத்தில் கறுத்து ஒட்டினால், அது உள்ளே ரத்தம் போவதன் அடையாளம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இன்னும் கூர்மையான ஆபத்து, செயற்கை வால்வு வைத்தவர்களுக்கு. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிறுவனத்தில் உருவாகி, 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒருவருக்குப் பொருத்தப்பட்ட சித்ரா வால்வு, விலை குறைவாக இருந்ததால் ஆயிரமாயிரம் ஏழைகளுக்கு உயிர் கொடுத்தது. எந்த உலோக வால்வு என்றாலும் அதன் மேல் ரத்தம் உறையாமலிருக்க வாழ்நாள் முழுவதும் அசிட்ரோம் அல்லது வார்ஃபரின் சாப்பிட வேண்டும், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை செய்துகொண்டே இருக்க வேண்டும். அவர்களுடைய ரத்தத்தில் கட்டு ஏற்கெனவே தளர்த்தப்பட்டிருக்கிறது. அதன் மேல் ஒரு வலி மாத்திரை போட்டால் மூட்டையும் நழுவுகிறது. கடுமையான ரத்தக்கசிவு ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. ஐ.என்.ஆர். சோதனையில் இது தெரியாமலே போகலாம், ஏனென்றால் அந்தச் சோதனை தட்டணுக்களின் வேலையை அளப்பதில்லை. ரத்தம் உறைவதைத் தடுக்கும் அபிக்ஸபான், ரிவராக்ஸபான், டாபிகாட்ரான் சாப்பிடுபவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மனச்சோர்வுக்குச் சில வகை மாத்திரைகள் சாப்பிடுபவர்களுக்கும் கசிவு ஆபத்து கூடும். அவை தட்டணுக்களின் செரட்டோனினைக் குறைப்பவை.

ஓர் ஆச்சரியமான விதிவிலக்கு மாதவிடாய். கசிவைக் கூட்டும் மருந்து இங்கேயும் கூட்ட வேண்டும் என்றுதான் தோன்றும். ஆனால் மெஃபனமிக் அமிலம் மாதவிடாய் ரத்தப்போக்கைக் குறைக்கிறது. கருப்பையின் உட்சுவரில் மிகுதியாகச் சுரக்கும் புராஸ்டாகிளாண்டின்தான் அங்கே பெரும்போக்குக்கும் வலிக்கும் ஒரு காரணம். அதைக் குறைத்தால் இரண்டும் குறைகின்றன.

காய்ச்சலா, கைவைக்காதீர்கள்

தமிழ்நாட்டில் 2012இல் 12,000க்கும் மேற்பட்டோருக்கும், 2017இல் 23,000க்கும் மேற்பட்டோருக்கும் டெங்கு உறுதியானது. அதே 2017இல் இலங்கையில் 1,86,000க்கும் மேற்பட்ட டெங்கு பாதிப்புகள் பதிவாகின. டெங்குவில் தட்டணுக்களின் எண்ணிக்கை சரிகிறது. ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டியது இருபதாயிரம், பத்தாயிரம் என்று இறங்குகிறது. ரத்தக் குழாய்ச் சுவரும் கசியத் தொடங்குகிறது. அந்த நேரத்தில் மிச்சமிருக்கும் கொஞ்சம் தட்டணுக்களையும் வேலை செய்யவிடாமல் முடக்கி, இரைப்பையிலும் புண் உண்டாக்கும் ஒரு மருந்தைக் கொடுப்பது எவ்வளவு பெரிய கொடுமை! அதனால்தான் டெங்குவுக்கு ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோபீனாக் எதுவும் கூடாது, பாராசிட்டமால் மட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் திட்டவட்டமாகச் சொல்கிறது. தசையில் போடும் ஊசியையும் தவிர்க்கச் சொல்கிறது. குத்திய இடத்திலேயே ரத்தம் கட்டிவிடும்.

சிக்கல் என்னவென்றால், முதல் இரண்டு மூன்று நாள் அது டெங்குவா சாதாரணக் காய்ச்சலா என்று பார்த்துச் சொல்ல முடியாது. எலும்பை முறிக்கும் வலி வேறு. பாராசிட்டமால் போட்டுக் காய்ச்சல் விடவில்லை, வலி தாங்கவில்லை என்றதும் "ஒரு ஊசி போடுங்க சார், நாளைக்கு வேலைக்குப் போகணும்" என்ற வேண்டுகோள் வருகிறது. தினக்கூலிக்காரரின் அந்த அவசரத்தைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு நாள் கூலி போனால் வீட்டில் உலை வைக்க முடியாது. குறைசொல்ல வேண்டியது, அந்த ஊசியைக் கேட்டவுடன் போடும் கைகளை. மழைக்காலத்தில் வரும் எந்தக் காய்ச்சலையும், இல்லை என்று உறுதியாகும்வரை டெங்குவாகவே நினைத்து நடத்த வேண்டும். குழந்தைகளுக்குக் காய்ச்சலில் ஆஸ்பிரின் எப்போதுமே கூடாது. கல்லீரலையும் மூளையையும் தாக்கும் ரை நோய் வரக்கூடும்.

மறுபக்கம், எந்த நோயும் இல்லாதவர்கள் 'இதயத்துக்கு நல்லது' என்று தாங்களாகவே தினம் ஓர் ஆஸ்பிரின் போடுகிறார்கள். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் 19,114 முதியவர்களிடம் நடந்து 2018இல் வெளியான ஆஸ்ப்ரீ ஆய்வு, இதய நோய் இல்லாதவர்களுக்கு அதனால் ஆயுளும் கூடவில்லை, நலமும் கூடவில்லை, பெரிய ரத்தக்கசிவுகள்தான் கூடின என்று காட்டியது. மாரடைப்போ பக்கவாதமோ ஏற்கெனவே வந்தவர்களுக்கு ஆஸ்பிரின் உயிர்காக்கும் மருந்து. வராதவர்கள் மருத்துவர் சொல்லாமல் அதைத் தொட வேண்டாம்.

பெயர் கேளுங்கள்

இவ்வளவும் தெரிந்தும் ஒருவர் தப்பிக்க முடியாத ஓர் இடம் இருக்கிறது. அட்டையிலிருந்து வெட்டி, காகிதக் கவரில் போட்டுத் தரும் மாத்திரை. அந்தத் துண்டில் பெயரும் இருக்காது, அளவும் இருக்காது. வலிக்கு ஒன்று, காய்ச்சலுக்கு ஒன்று என்று வாங்கிய இரண்டு மாத்திரைகளிலும் ஒரே மருந்து இருக்கலாம். பாராசிட்டமால் என்று நினைத்துப் போட்டதில் அசிக்ளோபீனாக் சேர்ந்திருக்கலாம். நம் சந்தையில் அந்தக் கூட்டு மாத்திரைகள் மிக அதிகம். டைக்ளோபீனாக் மருந்துச் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டிய பட்டியலில் இருக்கிறது. அந்தச் சட்டம் எத்தனை கடைகளில் நடைமுறையில் இருக்கிறது என்பதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, மற்ற எதையும் விட முதலில், பெயர் எழுதாத கவர் மாத்திரைகளை ஒழிக்க வேண்டும்.

அதுவரை உங்கள் கையில் இருப்பது ஒரு கேள்விதான். வாங்கும் ஒவ்வொரு வலி மாத்திரையின் பெயரையும் கேளுங்கள். கவரின் மேல் எழுதித் தரச் சொல்லுங்கள். ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், அசிட்ரோம், வார்ஃபரின் இவற்றில் எதையாவது சாப்பிடுகிறவர் என்றால், கடைக்காரரிடம் அதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். வீட்டில் இதய நோயாளியோ, வால்வு வைத்தவரோ, ரத்தம் எளிதில் உறையாத ஹீமோபிலியா நோய் உள்ள பிள்ளையோ இருந்தால், அவர்களுக்குக் கூடாத வலி மாத்திரைகளின் பெயர்களை மருத்துவரிடம் தமிழில் எழுதி வாங்கி, மருந்துப் பெட்டியின் மூடியில் ஒட்டி வையுங்கள்.